ஜாக்சனின் மடத்தனம்

ஜார்ஜியாவின் தெற்கு ஓரத்தில் இருக்கும் ஃபோக்ஸ்டனுக்கு வருகிறவர்கள் இரண்டைப் பார்ப்பார்கள். ஒன்று சரக்கு ரயில். நின்று பார்க்கக் கூரை போட்ட மேடையே கட்டியிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் எனக்கு அலுத்துவிட்டது. இன்னொன்று ஒக்கஃபனோக்கி சதுப்பு நிலம்.

படகு நேர்கோட்டில் போனது. சதுப்புக்குள் ஏது நேர்கோடு? கேட்டேன். படகோட்டி சிரித்தார். அது வெட்டிய கால்வாய். சதுப்பை வடித்து விளைநிலமாக்க 1891ல் ஒரு கம்பெனி தோண்ட ஆரம்பித்தது. பதினெட்டு கிலோமீட்டருக்குத் தோண்டியும் சதுப்பு வடியவில்லை, பணம்தான் வடிந்தது. தலைவர் ஹாரி ஜாக்சன் 1895ல் செத்துப்போனார். அதற்கு 'ஜாக்சனின் மடத்தனம்' என்று பெயர் வந்தது.

படகில் எல்லாரும் சிரித்தோம். ஒரு நிலத்தைக் கொல்லப் பார்த்தவர் வெட்டிய வழியிலேயே சொகுசாக உட்கார்ந்து போகிறோம், முதலை பார்க்கிறோம். இது சரியா என்று கொஞ்ச நேரம் உறுத்தியது. ஆனால் உண்மையான உறுத்தல் அதுவல்ல.

அடுத்து வந்த மரக் கம்பெனி தோற்கவில்லை. உள்ளேயே ரயில் பாதை போட்டு 1909 முதல் 1927 வரை சைப்ரஸ் மரங்களை வெட்டித் தள்ளியது. 1937ல்தான் இது சரணாலயம். அந்த வெட்டுக்குக் கேலிப்பெயர் எதுவும் நான் கேட்கவில்லை. ஜாக்சன் செய்தது தப்பு என்பதற்காகவா சிரித்தோம்? அவர் தோற்றதற்குத்தானே!

இறங்கியதும் கால்வாய்ப் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கிட்டேன். வழியில் பார்த்த அடிக்கட்டைகளை எடுக்கத் தோணவே இல்ல.