எந்தச் சாமி, அக்கா?

‘ஏதோ சாமி புண்ணியத்துல நாம நல்லா இருக்கோம்!’

இந்த வார்த்தையை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்திருக்கும். நம் வீட்டுப் பூட்டு தப்பியிருக்கும். எங்கோ ஒரு பஸ் கவிழ்ந்திருக்கும். நம் பிள்ளை அதற்கு முந்தைய பஸ்ஸிலேயே வந்து இறங்கியிருப்பான். உடனே பூஜையறைக்கு ஓடுவோம். விளக்கை ஏற்றி, கண்ணில் நீர் தளும்ப, ‘காப்பாத்திட்டியே தாயே!’ என்போம். இதில் என்ன தப்பு? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், 2018 நவம்பர் வரை.

அந்த மாதம் 16-ம் தேதி பொழுது விடிவதற்குள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் முறிந்து விழுந்தது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. அவ்வளவுதான்! அம்மா பெரிய கோயில் வாராகிக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து, நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்.

20-ம் தேதி, தோழிகள் ஆறு பேர் ஒரு வேன் பிடித்தோம். பாய், போர்வை, தார்ப்பாய், மெழுகுவத்தி, பால் பவுடர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் கிளம்பினோம். மன்னார்குடி தாண்டித் திருத்துறைப்பூண்டி வருவதற்குள்ளேயே வேனில் பேச்சு நின்றுவிட்டது. தென்னை மரங்கள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. தென்னங்கன்றை நம் பக்கத்தில் ‘தென்னம்பிள்ளை’ என்றுதான் சொல்வோம். தமிழ் இலக்கியம் படித்தவள் நான். ஆனாலும் அந்தச் சொல்லில் ஏன் ‘பிள்ளை’ இருக்கிறது என்பது, விழுந்த மரத்தின் மேல் கைவைத்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்தபோதுதான் புரிந்தது. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன என்று பிறகு செய்திகளில் படித்தேன்.

வேதாரண்யத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் முல்லைத் தோட்டங்கள் அதிகம். வெள்ளிக்கிழமை நீங்கள் அம்பாளுக்குச் சாத்திய சரத்தில் அங்கே பறித்த பூவும் இருந்திருக்கலாம். அதைப் பறித்த கைகள், நாங்கள் போன பள்ளிக்கூட முகாமில் தட்டை ஏந்தி வரிசையில் நின்றன.

எனக்குக் கொடுத்த வேலை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. பெரியவர்கள் இடிந்த வீட்டைப் பார்க்கப் போயிருக்கும் நேரத்தில் கதை சொல்லணும், விளையாட்டுக் காட்டணும். இரண்டாம் நாள் ஒரு காரில் நான்கு பேர் வந்தார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பிஸ்கட் கொடுப்பதை போட்டோ எடுத்தார்கள். ஒரு படம் சரியாக விழவில்லை போலிருக்கிறது. யாரும் சொல்லாமலேயே ஒரு பையன் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து, சிரித்தபடி மறுபடியும் வாங்கிக்கொண்டான். பழகிவிட்டது குழந்தைக்கு! எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் போனிலும் அதே மாதிரி நான்கு படங்கள் இருந்தன என்பது ராத்திரி படுக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் முகாமில் இருந்த பெண்கள், ‘உங்க ஊர்ல எப்படிம்மா?’ என்று கேட்டார்கள். பேச்சுவாக்கில் நான் சொன்னேன்... ‘எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகலைங்க. சாமிதான் காப்பாத்துச்சு.’

என் மடியில் சாய்ந்திருந்த குட்டிப் பெண், எட்டு வயசு இருக்கும், நிமிர்ந்து பார்த்தாள்.

‘எந்தச் சாமிக்கா?’

குத்திக்காட்டக் கேட்ட கேள்வி இல்லை அது. ‘எங்களை மட்டும் ஏன் காப்பாத்தல’ என்றும் அவள் கேட்கவில்லை. நல்லா காப்பாற்றுகிற சாமி ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது; பேர் தெரிந்தால் அம்மாவிடம் சொல்லி இனிமேல் அதைக் கும்பிடலாம்... அவ்வளவுதான் அவள் நினைத்தது. வாராகி என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. அவள் வீட்டு வாசலிலும் ஒரு அம்மன் உண்டு. அதற்கும் ஆடியில் கூழ் ஊற்றியிருப்பார்கள், மாவிளக்கு போட்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் நம்மில் பலர் கையில் ஒரு பதிலை வைத்திருக்கிறோம். ‘அது அவங்கவங்க பூர்வ ஜென்ம வினை.’ கர்மவினை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. அதைப் பேசும் அளவுக்கு எனக்குப் படிப்பும் இல்லை. ஆனால், வினை என்பது என்னை நானே திருத்திக்கொள்ளப் பெரியவர்கள் சொன்னது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வீட்டுக் கூரை பறந்ததற்கு நாம் காரணம் எழுத வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிற திருவீழிமிழலைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அங்கே பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் ஊரில்தான் இருந்தார்கள். வினைக்கணக்கு அவர்களுக்குத் தெரியாததா? ஆனால், அதை யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. இறைவன் தினமும் பலிபீடத்தில் வைத்த பொற்காசுகளைக் கொண்டு ஆளுக்கொரு மடத்தில் உலை வைத்தார்கள். அதிலும் பாருங்கள், சம்பந்தர் காசுக்குக் கடைகளில் வாசி, அதாவது தள்ளுபடி கேட்டார்கள். அப்பர் காசுக்கு அது இல்லை. அவர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்தவர் என்று காரணம் சொல்கிறது பெரிய புராணம். அம்பாளிடம் ஞானப்பால் குடித்த பிள்ளைக்குக்கூட அந்தச் சலுகை இல்லை! பிறகு அவர் பதிகம் பாடித்தான் வாசி தீர்ந்தது. இந்த இரண்டு பேரும்தான் பிற்பாடு வேதாரண்யம் வந்து, மறைக்காட்டுக் கோயிலின் அடைத்த கதவைப் பாடித் திறக்கவும் மூடவும் செய்தவர்கள்.

நாங்கள் கிளம்ப வேண்டிய 23-ம் தேதி, திருக்கார்த்திகை. அம்மா மறக்காமல் பையில் அகல் விளக்கு, திரி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய் வைத்து அனுப்பியிருந்தார். பள்ளிக்கூட வராந்தா முழுக்க விளக்கு வைத்துவிடலாம், பிள்ளைகள் சந்தோஷப்படும் என்று நான் அகலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சமையல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தார்.

‘எண்ணெயை அம்புட்டையும் ஊத்திப்புடாதம்மா. நாளைக்குப் புள்ளைங்களுக்குத் தாளிச்சுக் கொட்ட ஆகும்.’

முகம் சுருங்கிப்போனது எனக்கு. கார்த்திகை அன்றைக்கு விளக்குக்கு எண்ணெய் இல்லை என்பதா? பிறகு வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு அகல் மட்டும் ஏற்றினோம். பாட்டில் சமையல் பக்கம் போனது.

இருட்டில் அந்த ஒரு விளக்கைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ‘வேதாரண்யம் விளக்கழகு’ என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தக் கோயில் விளக்கின் கதையைச் சொன்னேன். சந்நிதியில் விளக்கு அணையப்போகிற நேரம். நெய் குடிக்க ஓர் எலி வந்தது. மூக்கில் சூடு பட்டுத் துள்ளியதில் திரி தூண்டப்பட்டு, விளக்கு நின்று எரிந்தது. அதற்காகவே அந்த எலியை மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறக்கவைத்தார் ஈசன்.

‘அப்ப அந்த எலி சாமி கும்பிட வரலையாக்கா?’ அதே குட்டிப் பெண்தான்.

‘இல்லடா, பசிக்குதுன்னு வந்துச்சு.’

‘நெய்யத் திருடத்தான வந்துச்சு? சாமி திட்டலையா?’

‘திட்டலை.’

எத்தனையோ தடவை எழுதிய கதைதான். பத்திரிகைக்காக அந்தத் தலத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம், ‘அறியாமல் தூண்டிய விளக்குக்கே இவ்வளவு பலன் என்றால், அறிந்து ஏற்றினால் எவ்வளவு!’ என்றுதான் முடித்திருக்கிறேன். அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது. ராஜ்யம் கிடைத்ததே, எதற்காக? விரதம் இருந்ததற்கா? இல்லை. அந்த எலிக்கே தெரியாது, தான் என்ன செய்தோம் என்று. அப்படியானால், என் வீட்டுக் கூரை நின்றது என் புண்ணியத்தால்தான் என்று வைத்துக்கொண்டால்கூட, அதுவும் எந்தப் பிறவியிலோ மூக்கு சுட்டுக்கொண்டதில் வந்ததாக இருக்கலாம்! அதை வைத்துக்கொண்டு நான் எப்படி அந்தக் குழந்தையின் வீட்டைவிட ஒரு படி மேலே நிற்பேன்? மகாபலியும் பின்னாளில், மூன்றடி கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாமல் தலையையே கொடுத்தவன். எலியாக அலைந்த பசி எங்கோ அவனுக்குள் ஞாபகம் இருந்திருக்கும். இது புராணத்தில் இல்லை, என் கற்பனை.

சுவாமி கும்பிடுவதை நான் குறைத்துக்கொள்ளவில்லை. வாராகி சந்நிதியில் இப்போதும் நிற்கிறேன், நன்றியும் சொல்கிறேன். ஆனால் ‘காப்பாத்திட்டியே’ என்று தொடங்கும்போதெல்லாம் ‘எந்தச் சாமிக்கா?’ என்ற குரல் பக்கத்தில் கேட்கிறது. பாதியில் நிறுத்திவிட்டு, பேர் தெரியாத அந்த வீட்டையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது பெரிய வகுப்பு படிக்கிற வயது.

23-ம் தேதி ராத்திரி ரொம்ப நேரம் கழித்துத்தான் வீடு வந்து சேர்ந்தோம். எங்கள் வாசலில் வரிசையாக வைத்த அகல்கள் அணைந்து, எண்ணெய் மிச்சம் பளபளத்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் பாட்டில் கதையைச் சொன்னேன். அபசகுனம் என்று நினைப்பாரோ என்று உள்ளுக்குள் பயம். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

‘ஒரு பாட்டில்தான வச்சேன்? ரெண்டா வச்சிருக்கலாம்...’ என்று சொல்லிவிட்டு, எனக்குத் தோசை ஊற்றப் போனார்.