உரிமமும் அமானிதமும்



அமெரிக்காவில் பொய் வருமானம் எழுதி வீட்டுக் கடன் பிடித்துக் கொடுத்த முகவர்களாலும் பல குடும்பங்கள் வீடிழந்தன. 2008-இல் சட்டம் வந்தது. மாநில உரிமம் பெற 20 மணி நேரப் படிப்பு. அதில் 3 மணி நேரம் நன்னெறி. தேர்வில் 75 சதவீதம் வேண்டும். பிறகு ஆண்டுதோறும் 8 மணி நேரம் படிக்க வேண்டும்.

வட்டி ஹராம், உரிமம் அதை ஹலாலாக்காது. ஆனாலும் சிந்தியுங்கள்: 3 மணி நேரத்தில் நேர்மை வந்துவிடுமா? சட்டம் தெரிந்தவனும் ஏமாற்றுவான். தெரியாதவனோ நல்லெண்ணத்தோடே பிறர் குடும்பத்தை மூழ்கடிப்பான். ஆகவே இல்மும் வேண்டும், தக்வாவும் வேண்டும். அல்பகரா 282-ஆம் வசனம் கடனை எழுதுபவர் மீது நீதியைக் கடமையாக்குகிறது.

நீங்கள் தரகரா, பத்திரம் எழுதுபவரா? கையெழுத்து வாங்குமுன் எதிரில் இருப்பவருக்குப் புரியும்வரை சொல்லுங்கள், கமிஷன் கைநழுவினாலும் சரி. அந்த அமானிதத்தைப் பற்றி மறுமையில் கேள்வி உண்டு.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.