கத்துக்குட்டியின் கணக்கு

‘கத்துக்குட்டி’ என்ற சொல் நம் பாஷையில் ஏளனமாகத்தான் வழங்குகிறது. ஆனாலும் அதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. குட்டி என்றால் வளரும், ஒருநாள் பெரிதாகும் என்ற நம்பிக்கை. கத்துக்குட்டியாகவே தலை நரைத்து, கத்துக்குட்டியாகவே கண்ணை மூடப் போகிறவனுக்கு என்ன பெயர் வைப்பது? மரியாதை தெரிந்தவர்கள் அவன் காரியத்தைப் ‘பொழுதுபோக்கு’ என்கிறார்கள். அந்தச் சொல்லிலும் எனக்குச் சம்மதமில்லை. பொழுது போகாதவனுக்கல்லவா அது பொருந்தும்? எனக்குப் பொழுது போதாமல்தான் இருக்கிறது.

நான் வாசிப்பது ஜாஸ் கிட்டார். இருபத்தைந்து வருஷங்களாக, எழுத்து வேலை முடிந்த பிறகு, இரவில் ஒரு மணி நேரம். மேடை ஏறியதில்லை, ஏறப்போவதுமில்லை. இதைத் தன்னடக்கம் என்று வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாவலாசிரியன் தன் நாவலைப் பற்றி வேண்டுமானால் பொய்யாக அடக்கம் காட்டுவான். கிட்டார் விஷயத்தில் எனக்கு அந்த அவசியம் இல்லை. நான் சுமாராக வாசிக்கிறேன், அவ்வளவுதான்.

ஒருநாள் வேடிக்கையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினம் ஒரு மணி, இருபத்தைந்து வருஷம், 9,000 மணிக்கு மேல் ஆகிறது. இரவும் பகலுமாகச் சேர்த்தால் என் ஆயுளில் முழுசாக ஒரு வருஷமும் அதற்கு மேல் சில நாட்களும். அதற்கப்புறம் அது வேடிக்கையாக இல்லை. யாருக்கும் உபயோகமில்லாத, நன்றாகவும் வராத ஒரு காரியத்துக்கு ஒரு குடும்பஸ்தன் ஒரு வருஷத்தை எடுத்துக் கொடுக்கலாமா? அந்த வருஷம் அவனுடையதுதானா?

ஜாஸ் என்றால் ஏதோ காட்டுக் கூச்சல் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு சாதாரணப் பாட்டை எடுத்துக்கொள்வார்கள். முதல் சுற்றில் பாட்டை ஏறக்குறைய உள்ளபடியே வாசிப்பார்கள். அடுத்த சுற்றில் பாட்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அதற்கு அடியில் இருந்த ‘கார்டு’கள், அதாவது மூன்று நான்கு ஸ்வரங்கள் ஒருமித்து ஒலிக்கும் கட்டுகள், அவை மட்டும் அதே வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றின் மேல் அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். நம் கல்பனை ஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். ஆனால் நம் வித்வானுக்குக் காலடியில் ராகம் என்று ஒரு தரை அசையாமல் இருக்கிறது. ஜாஸ்காரனுக்குத் தரையே நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்தக் கார்டில் தேனாக இருந்த ஸ்வரம் அடுத்த கார்டு வந்ததும் வேப்பங்காய்.

போதாததற்குக் கிட்டாரின் குறும்பு வேறு. முதல் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வருகிற அதே ஸ்வரம், இரண்டாவது தந்தியில் ஐந்தாம் மெட்டில் இருக்கிறது. மூன்றாவதில் ஒன்பதாம் மெட்டில். நான்காவதில் பதினாலாம் மெட்டில். ஆள் ஒருவன், விலாசம் நாலு. எந்த விலாசத்தில் போய்க் கதவைத் தட்டினால் அடுத்த ஸ்வரத்துக்கு வழி சுலபம் என்பதை யோசித்து முடிப்பதற்குள் பாட்டு தெருமுனை தாண்டிவிடும். விரல்கள் தாமாகவே போக வேண்டும். அதற்குத்தான் சாதகம். இசைத்தட்டில் எட்டு அளவு கேட்டு, நிறுத்தி, திரும்பக் கேட்டு, கையில் பிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனதுண்டு.

இப்படிப்பட்ட காரியங்களுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். மனசுக்கு ஓய்வு என்கிறார்கள். ஓய்வா? கார்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டுப் படுத்தால் தூக்கமே வருவதில்லை. மூளைக்கு நல்லது, ஞாபகசக்தி வளரும் என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும், ஆனால் குழந்தையைக் கொஞ்சுவது புஜத்துக்கு நல்ல பயிற்சி என்று சொல்வதைப் போல இருக்கிறது அது. இதெல்லாம் உலகத்துக்கு நாம் கொடுக்கிற லஞ்சம். ‘இதனால் இன்ன லாபம்’ என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்பவர்கள் போய்விடுவார்கள் என்ற தைரியம். லாபம் இல்லை என்று ஒப்புக்கொண்டே நியாயம் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

வெஸ் மாண்ட்கோமரி என்ற நீக்ரோ கலைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்துக்காரர். கல்யாணமாகி, இருபது வயதை ஒட்டித்தான் அவர் கிட்டாரைத் தீவிரமாகத் தொட்டார். சார்லி கிறிஸ்டியன் என்ற மேதை வாசித்த இசைத்தட்டு ஒன்றைக் கேட்டதுதான் காரணம். அந்தச் சார்லி கிறிஸ்டியன் 1942-இல் காசநோயால் இறந்தபோது வயது இருபத்தைந்து. வெஸ் அவருடைய தட்டுகளை ஸ்வரம் ஸ்வரமாகக் காதால் கேட்டே பாடம் பண்ணினார். சங்கீதத்தை எழுத்தில் படிக்க அவருக்குக் கடைசிவரை தெரியாது. வீட்டில் சத்தம் தாங்கவில்லை, அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். அவர் மீட்டுகிற துண்டை எறிந்துவிட்டுக் கட்டை விரலின் சதையால் மெல்ல வாசிக்க ஆரம்பித்தார். உலகம் பின்னால் கொண்டாடிய அந்த மெத்தென்ற நாதம் பிறந்த கதை இதுதான். பிறர் தூங்கட்டுமே என்ற தாட்சண்யத்தில் பிறந்த நாதம்! கலைஞன் என்றால் ஊரையும் உறவையும் உதறியெறிய வேண்டும் என்று கதை எழுதுகிற என் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிட்டால் நான் வக்கீலாகிவிடுவேன். வெஸுக்கு ஏழு குழந்தைகள். பல வருஷம் பகலில் ஆலையில் வேலை. இரவு முழுவதும் கிளப்புகளில் வாசிப்பு. 1959-க்குப் பிறகுதான் வெளியுலகம் அவரைக் கண்டுகொண்டது. 1968-இல் நாற்பத்தைந்தாம் வயதில் மாரடைப்பில் போய்விட்டார். எதனால் எது என்று சொல்ல நான் வைத்தியன் அல்ல. அந்த இரவுகள் யாருடைய கணக்கில் எழுதப்பட்டன என்ற கேள்வி மட்டும் எனக்குப் போவதில்லை. அவர் குடும்பத்துக்கு அதில் சோறும் வந்தது என்பது வேறு. எனக்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

டால் ஃபார்லோவின் கதை நேர் எதிர். வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோவில் 1921-இல் பிறந்தவர். தொழில், கடைகளுக்குப் போர்டு எழுதுவது. கிட்டார் தானே கற்றது. கை அவ்வளவு பெரியது. ‘ஆக்டோபஸ்’ என்று பட்டப் பெயர். ரெட் நார்வோவின் மூவர் குழுவில் சேர்ந்து, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பாடுபட்டு, 1950-களில் கிட்டார்காரர்களின் முதல் வரிசைக்கு வந்துவிட்டார். 1958-இல் கல்யாணம். உடனே, நியூ ஜெர்சியில் கடலோரமாக ஸீ பிரைட் என்ற சின்ன ஊரில் வீடு பார்த்துக்கொண்டு, போர்டு எழுதப் போய்விட்டார்! 1962-இல் கிப்ஸன் கம்பெனி அவர் பெயராலேயே ஒரு கிட்டார் செய்து விற்பனைக்கு விட்டது. பெயருக்கு உடையவரோ தூரிகையும் கையுமாக இருந்தார். வாசிப்பை விட்டுவிடவில்லை; உள்ளூரில் வாசித்தார், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1969-இல்தான் மறுபடி ஒரு தட்டு. 1998-இல் காலமானார்.

இதைத் தோல்வி என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அவரிடம் பொறாமைதான். மேதைகளிலேயே ஒருவர், கத்துக்குட்டிகளாகிய எங்கள் வாழ்க்கையைத் தாமாகவே விரும்பி எடுத்துக்கொண்டார் அல்லவா? ஜீவனத்துக்குத் தூரிகை, கிட்டாருக்கு ஜீவனக் கடமை எதுவும் கிடையாது. கைதட்டலையும் கழித்துவிட்டு, காசையும் கழித்துவிட்டு, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தவர் போலத் தோன்றுகிறது. மிச்சம் இல்லாவிட்டால் நாற்பது வருஷம் யார் வாசிப்பார்கள்?

அந்த மிச்சம் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். பகலெல்லாம் நான் செய்கிற எந்தக் காரியத்திலும் சமாளிப்பு உண்டு. அத்தியாயம் சரியாக வராவிட்டால் வர்ணனையால் மூடலாம். ஆசிரியரிடம் சொல்ல ஒரு சாக்கு இருக்கும். மனைவியிடம் சொல்ல இன்னொன்று. கிட்டாரிடம் எதுவும் செல்லாது. கார்டு மாறிவிட்டது, விரல் மாறவில்லை, அபஸ்வரம். அவ்வளவுதான் தீர்ப்பு. என் மேல் அதற்கு விரோதமும் இல்லை, அபிமானமும் இல்லை. ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது இப்படிப் பொய் செல்லாத ஓர் இடத்தில் போய் உட்காருகிறவன், அங்கிருந்து எழுந்து வரும்போது மற்றவர்களோடு புழங்குவதற்குச் சற்றே தகுதியானவனாக வருகிறானா? வருகிறான் என்று சொல்ல ஆசை. சொன்னால் அதுவும் லஞ்சத்தில் சேர்ந்துவிடும்.

ஆகவே கணக்கை வேறு மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு மணியை என் பங்கிலிருந்து எடுக்க வேண்டும்: என் தூக்கம், என் அரட்டை, நான் எழுதியிருக்கக் கூடிய இன்னும் இரண்டு நாவல்கள். (கடைசி இனத்தில் வாசகர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இருக்காது.) வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருப்பவர் அருகே இருக்க வேண்டிய மணியும், குழந்தை கணக்குச் சொல்லிக்கொடு என்று நிற்கிற மணியும் என் பங்கு அல்ல. காகிதத்தில் எல்லைக்கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. ஒரே கூரைக்கு அடியில் நாலு பேர் இருக்கும்போது எந்த மணி முழுக்க என்னுடையது என்பது அவ்வளவு தெளிவாக இல்லை. கதவைச் சாத்திக்கொண்டால் மட்டும் அது என்னுடையதாகிவிடுகிறதா?

போன வாரம் ஃபார்லோவின் எட்டு அளவு ஒன்றோடு போராடிக்கொண்டிருந்தேன். ஆறாவது அளவில் கை மெட்டுகளைத் தாண்டிக் குதிக்க வேண்டும், குதிக்காது. கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். கூடத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் பெண், புஸ்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“நேத்திக்கு இன்னிக்குத் தேவலைப்பா. அந்தக் கடைசியில தாவுற எடம்தான் இன்னும் ஒதைக்குது.”