திரையின் வெள்ளை யாருடைய வெள்ளை?

சினிமாவுக்கு நிறம் சேர்க்கும் கூடங்களில், மானிட்டரைச் சரிபார்க்கும் நாளில் அதன் முகப்பில் ஒரு சின்னக் கருவியைத் தொங்கவிடுவார்கள். கேபிளில் கோத்த எடை பின்பக்கம் தொங்க, கருவி திரையோடு ஒட்டி நிற்கும். அதன் கீழே சிவப்பு, பச்சை, நீலம், பல படிகளில் சாம்பல் என்று கட்டங்கள் வந்து வந்து போகும். கடைசியில் கணினி ஓர் எண்ணைச் சொல்லும். டெல்டா ஈ என்று பெயர். வரவேண்டிய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள தூரம் அது. ஒன்றுக்குக் கீழே இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்பது பொதுவான கணக்கு. மானிட்டர் தேறிவிட்டது.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பேச்சு தத்துவத்துக்குள் போய்விடுகிறது.

1920களில் இங்கிலாந்தில் டபிள்யூ. டி. ரைட், ஜான் கில்ட் என்ற இருவர் தனித்தனியே ஒரே மாதிரியான சோதனையை நடத்தினார்கள். பார்ப்பவருக்கு முன் ஒரு சிறு ஒளிப்பரப்பு; கையை நீட்டினால் தெரியும் கட்டைவிரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். அதன் ஒரு பாதியில் ஏதோ ஒரு நிறம், மறுபாதியில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் கலவை. இரண்டு பாதியும் ஒன்றாகத் தெரியும்வரை அவர் மூன்று ஒளிகளையும் கூட்டிக் குறைக்க வேண்டும். ரைட்டிடம் 10 பேர், கில்டிடம் 7 பேர். இந்த 17 பேரின் சராசரியிலிருந்துதான் 1931இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் ‘தர நோக்கர்’ ஒருவரை உருவாக்கியது. அப்படி ஓர் ஆள் பிறந்ததே இல்லை. ஆனாலும் மானிட்டர்களின் நிறம் இன்றைக்கும் பெரும்பாலும் அவர் கண்ணை வைத்தே கணக்கிடப்படுகிறது. கண்ணை நம்ப மாட்டேன், கருவியைத்தான் நம்புவேன் என்கிறவர், தம் கண்ணை விட்டுவிட்டு முன்பின் அறியாத 17 பேரின் கண்ணை நம்புகிறார்.

நிறம் பொருளில் இல்லை, உணரும் உயிரிடம்தான் இருக்கிறது என்று கலிலியோ 1623இலேயே எழுதிவிட்டார். மானிட்டர் அதற்கு நல்ல சாட்சி. சாதாரண மானிட்டரில் மஞ்சளுக்கென்று தனிப் புள்ளி கிடையாது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிகின்றன. எலுமிச்சையின் மஞ்சள் நம்மிடம் உண்டாகிறது. மனிதக் கண்ணில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை என்பதால் நமக்கு இது போதும். நான்கு வகை கொண்ட பறவைக்கு அந்தப் படம் அசல் பழத்தைப் போலத் தெரிய வாய்ப்பில்லை.

சரி, மனிதருக்குள்ளாவது எண் பொருந்துகிறதா? சோனி நிறுவனம் ஸ்டூடியோக்களுக்கான ஓஎல்இடி மானிட்டர்களைக் கொண்டுவந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. பழைய குழாய் மானிட்டரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கருவியில் இரண்டுக்கும் ஒரே வெள்ளை எண் வரும்படி சரிசெய்தார்கள். கருவிக்கு இரண்டும் ஒன்று. பார்த்தவர்களுக்கோ புதியதன் வெள்ளை மஞ்சளும் பச்சையும் கலந்தாற்போல் தெரிந்தது. ஓஎல்இடியின் மூன்று ஒளிகளும் குறுகிய அலைவரிசை கொண்டவை. 1931இன் சராசரி அங்கே பிசகியது. சோனி கடைசியில் எண்ணைத்தான் நகர்த்தியது. அந்தச் சராசரிக்கு ஜட் என்பவர் 1951இல் முன்வைத்த திருத்தத்தை அடிப்படையாகக் கொண்டு, கண்ணுக்கு ஒத்துவரும் வேறொரு வெள்ளையைப் பரிந்துரைத்தது. கண் சொன்னது, கருவி கேட்டது.

அதற்காகக் கண்ணே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. எட்வர்ட் ஏடல்சன் 1995இல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படத்தில், நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் வெளியே இருக்கும் கறுப்புக் கட்டமும் திரையில் ஒரே சாம்பல். எத்தனை முறை பார்த்தாலும் கண் அதை ஒப்புக்கொள்ளாது. கருவியை வைத்தால் உடனே தெரிந்துவிடும். ஒரு வகையில் கண் சரியாகத்தான் செய்கிறது: நிழலைக் கழித்துவிட்டுப் பலகையைப் பார்க்கிறது. ஆனால் திரையை மதிப்பிட வந்தவருக்குப் பலகை எதற்கு?

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், எதை எப்படி அறிகிறோம் என்ற அளவை ஆராய்ச்சியோடுதான் தொடங்குகிறது. ஐயமும் திரிபும் நீங்கியதே அங்கே குற்றமற்ற காட்சி. சைவ சித்தாந்தத்தில் கண் வெறும் கருவி, காண்பது உயிர். உலகமோ பொய்த் தோற்றமல்ல, உள்ள பொருள். மானிட்டரைப் பற்றி நினைக்கையில் இந்த நிலைப்பாடு மிகப் பொருத்தமாகப் படுகிறது. திரையிலிருந்து வரும் ஒளி உண்மை. அதை யாரும் அளக்கலாம். அந்த ஒளி நிறமாவதற்கு ஒரு காண்பவர் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட்டால் ‘நல்ல படம்’ என்ற பேச்சுக்கே பொருளில்லை. ரசனைக்கு ரசனை மாறும் என்று கைகழுவுவதும், எண்ணே எல்லாம் என்று அடித்துப் பேசுவதும் ஒரே அளவு தவறு.

பொறியாளர்கள் இதை உணர்ந்தே இருந்தார்கள். 1996இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி தரம் திரையின் பிரகாசம் 80 நிட்ஸ் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பார்ப்பவரின் அறையில் 64 லக்ஸ் வெளிச்சம் இருக்கட்டும் என்றும் சேர்த்தே சொன்னது. பளீரென்ற கடை வெளிச்சத்தில், நிறத்தைத் தூக்கிக் காட்டும் அமைப்பில் ஓடும் படத்தைப் பார்த்து மானிட்டர் வாங்குகிறவருக்கு இந்த விவரம் கிடைப்பதே இல்லை.

மானிட்டர் மதிப்புரை எழுதுகிறவர்கள் டெல்டா ஈ எண்ணோடு இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: எந்த வெளிச்சத்தில் பார்த்தார்கள், எந்தத் திரையோடு ஒப்பிட்டார்கள். வாங்குகிறவர்களும் தங்கள் அறையில், தங்கள் விளக்கின் கீழ், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முகத்தின் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.