தீட்டுக்கு மானியம்

சாண எரிவாயுக் கலனோடு கழிப்பறையையும் இணைத்தால் மத்திய அரசின் திட்டத்தில் கூடுதல் மானியம் உண்டு. மாமியார் ஒப்பவில்லை. "ஏம்மா, அந்த நெருப்புல சாமிக்குப் பொங்கல் வைக்கிறதா?" என்றார். தினமும் சாணம் கரைத்து வாசல் தெளிப்பவர். காற்றுப்புகாத தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் மாடு, மனிதர் என்று பார்ப்பதில்லை. இரண்டிலிருந்தும் அதே மீத்தேன், அதே நீலச்சுடர். அக்கினி எதையும் சுத்தமாக்கும் என்று வேள்வியில் நம்புகிறோம், அடுப்பில் மட்டும் தயங்குகிறோம். அரசுப் பணம் கலனைக் கட்டும். அருவருப்பைக் கரைக்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் கொடுக்கட்டும். மலம் அள்ளவென்றே சில சாதிகளை ஒதுக்கிவைத்த நாடு இது. கையால் அள்ளுவதைத் தடுக்க 1993லேயே சட்டம் போட்டோம். அதோடு தொட்டிகளுக்கும் தாராளமாகப் பணம் போட்டிருந்தால், சட்டத்தைவிட அதுவே அதிகம் சாதித்திருக்கும் என்பது என் கணிப்பு.