மறதிக்கு இரண்டு சஜ்தா

தொழுகையில் மனசு நிக்க மாட்டேங்குதுன்னு என் வயதுக்காரர்கள் புலம்பும்போது ஃபோனைத்தான் திட்டுகிறோம். ஃபோன் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே சட்டம் இதற்கு இடம் வைத்துவிட்டது. ஷாஃபி மத்ஹபில், எத்தனை ரக்அத் என்று குழம்பினால் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு முடித்து, மறதிக்காக இரண்டு சஜ்தா செய்ய வேண்டும். மறப்பவனை நினைத்தே எழுதிய விதி!

கஸ்ஸாலி இதோடு விடுவதில்லை. உள்ளம் அங்கே இருப்பதுதான் தொழுகையின் உயிர் என்கிறார் இஹ்யாவில். சட்டப்படி கூடிய தொழுகைக்கு உயிர் இருக்கிறதா என்பதுதான் என் சிக்கல்.

ஈப்போ பாடாங் அருகே 1908இல் கட்டிய இந்திய முஸ்லிம் பள்ளியில், சஃபில் பக்கத்து ஆள் விம்மினால் எனக்கும் தொண்டை அடைக்கும். அது யாருக்காக வந்த அழுகை? எனக்குக் கண்ணீரைவிடக் கவனத்தின் மேல்தான் நம்பிக்கை. சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய அத்தா சொல்வார்: “கை பழகிப்போச்சுன்னா மனசு ஊரு சுத்தும். அப்பதான் கத்தி ஆழமா எறங்கி மரம் காயப்படும்.”

இப்போது வழக்கமான குல்ஹுவல்லாஹுவை விட்டு, பொருள் படித்து மனப்பாடம் செய்த புது சூரா ஒன்றை ஓதுகிறேன். நாக்கு தடுமாறுகிறது, அந்த நேரத்தில் கடைக் கணக்கு நினைவுக்கு வருவதில்லை.