அருமண்ணும் அறமும்

ஒருவன் தன் வீட்டுக் குப்பையை அண்டை வீட்டு முற்றத்தில் கொட்டிவிட்டுத் தன் வீடு தூய்மையானது எனப் பெருமை கொள்வது அறமாகுமா? தனி மனிதரை நோக்கிய இவ்வினா நாடுகளுக்கும் பொருந்தும்.

அருமண் தனிமங்கள் 17. அவற்றுள் டிஸ்புரோசியமும் டெர்பியமும் மின்சாரக் கார்களுக்கு வேண்டிய வலிய காந்தங்களில் சேர்க்கப்படுகின்றன. தென்சீனத்தின் கான்சோவ் மலைப்பகுதியில் இவற்றைப் பல்லாண்டுகள் அகழ்ந்ததால் மண்ணும் நீரும் கெட்டன. 2010-களில் சீன அரசு கட்டுப்பாட்டை இறுக்கியது. தொழிலோ நிற்கவில்லை, எல்லை கடந்து மியன்மாரின் கச்சின் மலைகளுக்குச் சென்றது.

அங்கு மலைச்சரிவுகளில் துளையிட்டு அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலைச் செலுத்துகின்றனர். களிமண்ணில் ஒட்டியுள்ள தனிமங்களைக் கழற்றிக்கொண்டு வடியும் அக்கரைசல் தொட்டிகளில் திரட்டப்படுகிறது. தொட்டியை அடையாத கரைசல் மண்ணில் தங்கி ஓடைகளில் கலக்கிறது. மரமிழந்த சரிவுகள் மழையில் சரிகின்றன. மேட்டில் நேர்ந்த கேடு மேட்டோடு நிற்பதில்லை. நீரோடு பள்ளத்திற்கும் இறங்குகிறது.

புகையைக் குறைப்பது நல்ல நோக்கமே. ஆயினும், நகரத்தாரின் காற்று தூய்மை பெற, மலைவாழ் மக்களின் குடிநீர் கெடுதல் முறையன்று. ‘மலிவான வழி இதுவே’ என்பாருளர். மண்ணைச் சீர்செய்யும் செலவு பொருளின் விலையில் சேராததால் அன்றோ அது மலிவாகத் தோன்றுகிறது! மலேசியர் இதனைத் தம் மண்ணிலேயே கண்டனர். பேராக் மாநிலப் புக்கிட் மேராவில் அருமண் ஆலை 1994-இல் மூடப்பட்ட பின்னரும், கதிரியக்கக் கழிவை அகற்றும் பணி பல்லாண்டுகள் நீண்டது.

ஆதலின், வாங்குவோர் இரு வினாக்களைத் தவிர்த்தல் ஆகாது: அம்மண்ணுக்குரியோர் இசைந்தனரா? கெட்ட மண்ணைச் சீர்செய்வார் யார்? இவற்றிற்கு விடை கூறாத தூய்மை, அண்டை வீட்டு முற்றத்தில் கொட்டிய குப்பையே.